கார்ட்டர் அணியில் பெண்கள்

இங்கிலாந்தின் மூன்றாம் எட்வர்ட் 1348 வாக்கில் நிறுவிய கார்ட்டர் வீரர் அணியில் மன்னர், வேல்ஸ் இளவரசர் தவிர வழக்கமான உறுப்பினர் 24 பேருக்கே இடம். பெரும்பாலும் ஒருவர் மறைந்த பிறகே அடுத்தவர் நுழைய முடியும். இடைக்காலத்தில் அரச குடும்பத்துப் பெண்களும் பிரபுக்களின் மனைவியரும் அதன் அங்கியை அணிந்தார்கள். ஏழாம் ஹென்றி காலத்தோடு அந்தக் கதவு சாத்தப்பட்டது. ஆண்களுக்குச் சமமாகப் பெண்களைச் சேர்க்க 1987 வரை ஆனது. ஆனால் இந்த அணியில் இருந்த ஜப்பானியப் பேரரசர் ஹிரோஹிட்டோ, இரண்டாம் உலகப் போரில் எதிரியானதால் 1941இல் நீக்கப்பட்டு, 1971இலேயே திரும்பச் சேர்க்கப்பட்டார். பகையை மறக்க முப்பது ஆண்டு, பெண்களைச் சமமாக ஏற்க ஏறக்குறைய ஐந்து நூற்றாண்டு! இதை மரபு என்று சொல்லி நியாயப்படுத்தவே முடியாது. பழைய மரபில் பெண்கள் இருந்தார்களே. கயானாவில் பிறந்த வேலரி ஆமோஸ் 2022இல் அந்த 24 இடங்களுக்கு நியமிக்கப்பட்ட முதல் கறுப்பினத்தவரானதை மனமார வரவேற்கிறேன். அந்த நியமனமும் மிகத் தாமதமாகவே வந்தது.