"சுத்துறது நின்னுச்சாம்மா?"

பத்து மணிக்கு விரல் வைத்து வருகை பதிந்துவிட்டு கவுண்டரில் உட்காருவேன். பெயரையும் கடவுச்சொல்லையும் அடித்தால் நீலத் திரையில் புள்ளிகள் வட்டமாகச் சுற்ற ஆரம்பிக்கும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வரிசை நிற்கும். மாதாமாதம் வரும் ஒரு பெரியவர், "சுத்துறது நின்னுச்சாம்மா?" என்றுதான் பேச்சையே தொடங்குவார். வணக்கம்கூட அப்புறம்தான்.

ஒருநாள் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்தேன். டெஸ்க்டாப் வர ஒன்பது நிமிடம். வருடத்துக்கு 250 வேலை நாள் என்றால் 2,250 நிமிடம், அதாவது முப்பத்தேழரை மணி நேரம். ஐந்து நாள் சம்பளத்தை வட்டம் பார்த்தே வாங்கியிருக்கிறேன். பத்து நிமிடம் தாமதமாக வந்தால் விளக்கம் கேட்கும் அலுவலகம், இந்த ஒன்பது நிமிடத்துக்கு யாரையும் கேட்டதில்லை. நாங்களும் "சர்வர் டவுன்" என்று சொல்லிப் பழகிவிட்டோம்.

புகார் கொடுத்தால் ஆள் வருவார். "சிஸ்டம் பழசு மேடம்" என்பார், ஃபார்மேட் போடுவார், போய்விடுவார். இரண்டு தடவை நடந்தது. விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்ததைச் சொல்லி எனக்குப் புதுக் கணினியே வந்தது. பாதுகாப்புக்கு அது சரிதான். சந்தனம் குங்குமம் வைத்துத்தான் போட்டோம். ஒன்பது நிமிடம் எட்டரை ஆனது.

அடுத்து வந்தவன் வேலைக்குப் புதுசான ஒரு பையன். ஸ்க்ரூடிரைவரைத் தொடவே இல்லை. என் கணினியில் தன் பெயரில் நுழைந்தான். அரை நிமிடத்தில் டெஸ்க்டாப் வந்துவிட்டது. "மெஷின் நல்லாத்தான் இருக்கு மேடம், உங்க பேர்லதான் கோளாறு" என்றான். ஜோசியர் சொல்வது போல இருந்தது.

எங்கள் அலுவலகத்தில் யார் எங்கே உட்கார்ந்தாலும் அவரவர் டெஸ்க்டாப் வரவேண்டும் என்று எல்லாவற்றையும் சர்வரில் வைத்திருக்கிறார்கள். காலையில் அங்கிருந்து இறங்கும். மாலையில் வெளியேறியதும் கணினியில் இருக்கும் நகல் அழிந்துவிடும். என் டெஸ்க்டாப்பில் மகளின் கல்யாண வீடியோ இருந்தது. 3 ஜிபி. சாப்பாட்டு இடைவேளையில் தோழிகளுக்குக் காட்ட என்று போட்டு, மறந்தே போனேன். நாலு வருடமாக தினமும் காலையில் நாதஸ்வரம், முகூர்த்தம், பந்தி எல்லாம் கேபிள் வழியாக வந்து இறங்கியிருக்கின்றன. எங்கள் 100 மெகாபிட் லைனில் அதற்கு மட்டும் நாலு நிமிடம், அதுவும் லைன் முழுக்க எனக்கே கிடைத்தால். பத்து மணிக்குத்தான் எல்லோரும் ஒன்றாக நுழைகிறோமே! ஃபார்மேட்டும் புதுக் கணினியும் இதை என்ன செய்துவிட முடியும்?

மிச்ச நேரத்தை ஒரு 'இசட்' டிரைவ் தின்றது. எப்போதோ கழற்றிவிட்ட சர்வரை அது தினமும் கூப்பிட்டு, பதிலுக்குக் காத்திருந்தது. கண்டம் செய்து மாடியில் போட்ட பிரிண்டரையும் கணினி தேடிக்கொண்டிருந்தது. பையன் மூன்றையும் நீக்கினான். இப்போது டெஸ்க்டாப் வர நாற்பது விநாடி.

பக்கத்து இருக்கைக்காரரின் கணினியில் யார் நுழைந்தாலும் தாமதம்தான். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்றது. நிமிடத்துக்கு 7,200 தடவை சுழலும் பழைய தட்டு டிஸ்க். அதை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டாலே போதும் என்றான் பையன். புது மெஷின் அவருக்குப் போயிருக்க வேண்டும். எனக்கு வந்தது.

வீடியோ என் தப்புதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒருவருடைய கோப்புகள் இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்று சர்வரிலேயே வரம்பு வைக்கலாம். யாரும் வைக்கவில்லை. வேறொரு பெயரில் நுழைந்து பார்ப்பது ஒரு நிமிட வேலை, அதையும் யாரும் செய்யவில்லை. காத்திருந்தது கவுண்டர்காரர்களும் வரிசையில் நின்றவர்களும்தான் என்பதால் யாருக்கும் அவசரமில்லை.

மேலதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் அறைக் கணினியை நீங்கள் வருமுன்பே உதவியாளர் போட்டு வைத்துவிடுகிறார் (கடவுச்சொல்லும் அவருக்கு அத்துப்படி). ஒரு திங்கட்கிழமை பத்து மணிக்கு கவுண்டருக்கு வந்து, உங்கள் பெயரில் நுழைந்து, டெஸ்க்டாப் வரும்வரை அங்கேயே உட்கார்ந்து பாருங்கள். பெரியவரும் வரிசையில் இருப்பார்.