‘இந்த மெஷினில் ஓடாது’

யூடியூப்பில் எல்லாமே இலவசமாகக் கிடக்கிறதே, செல்போன் செயலி செய்யக் கற்றுக்கொள்ள உங்களுக்கு என்ன தடை என்று கேட்கிறவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். திறமை இருந்தால் யாரும் மேலே வரலாம் என்கிற பழைய பல்லவிக்குப் போட்ட புது மெட்டு இது. அவர்களுக்குப் பதில் சொல்லும் முன் ஒரு லேப்டாப்பைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

சனிக்கிழமைதோறும் எங்களோடு கூடும் மாணவர்களில் ஒரு தங்கை, ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கி பி.எஸ்சி. படிக்கிறார். அவரிடம் இருப்பது, அண்ணன் பள்ளி முடித்தபோது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி. 4 ஜிபி ரேம், சுழலும் பழைய ஹார்டு டிஸ்க். பயிற்சி மையம் ஒன்றில் பணம் கட்டிச் சேர்ந்தார். முதல் நாள் எல்லாரையும் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவை நிறுவச் சொன்னார்கள். இவருடைய மெஷினில் அது திறக்கவே ஏழெட்டு நிமிடம். எமுலேட்டரைத் தொட்டதும் திரை அப்படியே உறைந்துவிட்டது. பயிற்சியாளர் எட்டிப் பார்த்து, ‘இந்த மெஷினில் ஓடாதும்மா, வேற வாங்கிட்டு வா’ என்றார். அவ்வளவுதான். திட்டவில்லை, சாதி கேட்கவில்லை. மூன்றாவது வாரம் இவர் வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டார். ஏன் என்று கேட்டோம்.

‘எனக்குக் கோடிங் வரல தோழர்.’

வராமல் போவதற்கு அவர் இன்னும் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை, தோழர்களே. எழுதும் இடம்வரை மெஷின் அவரைக் கொண்டுபோகவே இல்லை. குளத்தில் கால் வைக்க விடாமல் தடுத்துவிட்டு, இவர்களுக்கு நீச்சல் தெரியாது என்று ஊர் பேசிய கதை நமக்குப் புதிதில்லை. இங்கே தடுக்க ஆள்கூடத் தேவைப்படவில்லை. குறை மெஷினில் இருக்க, பழியைத் தன் தலையில் அவரே ஏற்றிக்கொண்டார். நம்மைக் கோபப்படுத்த வேண்டியது இதுதான்.

ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவுக்குக் குறைந்தது 8 ஜிபி ரேம், எமுலேட்டரும் சேர்ந்து ஓட 16 ஜிபி என்று கூகுளே தன் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது. மென்பொருள் இலவசம்தான், அதை ஓட்டும் பெட்டி இலவசம் இல்லை. ஐபோனுக்குச் செய்வதென்றால் கதை இன்னும் மோசம். எக்ஸ்கோட் என்கிற கருவி ஆப்பிளின் மேக் கணினியைத் தவிர வேறெதிலும் ஓடாது, அதற்கு மேல் ஆப் ஸ்டோரில் போட ஆண்டுக்கு 99 டாலர். அந்தக் கதவை இப்போதைக்கு விட்டுவிடுவோம். நம் தெருவில் இருப்பவை பெரும்பாலும் ஆண்ட்ராய்டு போன்கள்தாமே.

அந்தத் தங்கை செய்ய நினைத்தது விளையாட்டுச் செயலி இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானால் பாதிக்கப்பட்டவருக்கு எந்தக் கட்டத்தில் எவ்வளவு நிவாரணம் வர வேண்டும் என்பது 1995 ஆம் ஆண்டு விதிகளின் அட்டவணையில் இருக்கிறது. சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்திய வழக்கென்றால் முதல் தகவல் அறிக்கை போட்டதும் 25 விழுக்காடு, குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்குப் போனதும் 50, தண்டனை கிடைத்ததும் மீதி 25. குற்றத்துக்குக் குற்றம் இந்தக் கணக்கு மாறும். டிஎஸ்பி பதவிக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் உண்டு. காவல் நிலைய வாசலில் நிற்கும் அம்மாவுக்கு இதை யார் சொல்கிறார்கள்? நெட்வொர்க் இல்லாத ஊரிலும் திறக்கிற, தமிழில் பேசுகிற, நான்கு முறை தட்டினால் பதில் காட்டுகிற ஒரு சின்னச் செயலி போதும். இதைச் செய்ய வேண்டியவரைத்தான் ‘வேற வாங்கிட்டு வா’ என்று அனுப்பி வைத்தார்கள்.

வேறு வாங்கவில்லை. இருந்ததையே சரிக்கட்டினோம். உங்களுக்கும் உதவலாம் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

முதல் வேலையாக ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்டோம். கையில் இருக்கும் காசு ஒன்றுக்குத்தான் வரும் என்றால், 4 ஜிபி ரேம் உள்ள பழைய மெஷினில் எங்கள் ஓட்டு எஸ்எஸ்டிக்கே. ரேம் நிரம்பியதும் கணினி டிஸ்க்கைத்தான் கடன் கேட்கும், அந்தக் கடன் வேகமாகக் கிடைக்க வேண்டும். பிறகு விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் மின்ட்டின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை நிறுவினோம். அதோடு ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவையே கைவிட்டோம். பலருக்கு இது தெரிவதில்லை: செயலி செய்ய ஸ்டூடியோ கட்டாயம் இல்லை. ஜேடிகே 17, கூகுள் தனியாகத் தரும் கட்டளை வரிக் கருவிகள், எழுத விஎஸ் கோட். ஸ்டூடியோவும் உள்ளே இதே கருவிகளை வைத்துத்தான் வேலை பார்க்கிறது.

எமுலேட்டர் என்பது கணினிக்குள் பொய்யாக ஒரு போனை ஓட்டிக்காட்டுவது. கையில் உண்மையான போன் இருக்கப் பொய் எதற்கு? போனின் அமைப்புகளில் ‘பில்டு நம்பர்’ என்ற வரியை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் வசதிகள் திறக்கும். அதில் யுஎஸ்பி டீபக்கிங்கை இயக்கி, கேபிளால் இணைத்தால் செயலி நேராகப் போனிலேயே வந்து உட்காரும். கேபிளில் கவனமாக இருங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளை வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுக்க மெஷினைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

அடுத்த எதிரி கிரேடில். எழுதிய நிரலைச் செயலியாகக் கட்டித் தருவது இதுதான். முதல் முறை ஓடும்போது தேவையான துணை நூலகங்களையெல்லாம் இணையத்திலிருந்து இழுக்கும், நூற்றுக்கணக்கில் எம்பி போகும். போனின் ஒரு நாள் டேட்டாவை ஹாட்ஸ்பாட்டில் பகிரும் விடுதி மாணவருக்கு அன்றைய கணக்கு அத்தோடு முடிந்தது. எனவே ஒரே ஒரு மெஷினில் பதிவிறக்கினோம். எஸ்டிகே கோப்புறையையும் கிரேடிலின் சேமிப்புக் கோப்புறையையும் பென் டிரைவில் எடுத்து, லினக்ஸ் போட்ட மற்ற மெஷின்களுக்குக் கொடுத்தோம். கட்டளையோடு ஆஃப்லைன் என்ற சொல்லைச் சேர்த்துவிட்டால் கிரேடில் இணையத்தைத் தேடிப் போகாது. கிரேடிலுக்கு ஒதுக்கும் நினைவகத்தையும் 2048 எம்பியிலிருந்து 1024 ஆகக் குறைத்தோம். முதல் பில்டு இருபது நிமிடத்துக்கு மேல் ஓடியது. இரண்டாவது மூன்றே நிமிடம். தங்கை திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய போனில் ‘நிவாரணம்’ என்ற எழுத்து வந்தபோது நாங்கள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தார்கள்.

இன்னொரு மாணவர் விண்டோஸை விட மாட்டேன் என்றார், சரி என்றோம். இரண்டு நாள் எதுவும் ஓடவில்லை. கடைசியில் பார்த்தால், விண்டோஸில் தன் பெயரைத் தமிழில் வைத்திருந்தார். கோப்புகள் கிடக்கும் பாதையில் தமிழ் எழுத்து வந்தால் இந்தக் கருவிகள் தடுமாறும். சி டிரைவில் ஆங்கிலப் பெயரில் ஒரு கோப்புறை போட்டு எல்லாவற்றையும் அங்கே மாற்றிய பிறகே ஓடியது. பெயரைச் சொன்னதும் கதவு சாத்தப்படுவது நமக்குப் பழக்கம்தான், கணினியுமா என்று அவர் சிரித்தார்.

இவ்வளவும் சொன்ன பிறகு எங்களுக்குள் நடந்த சண்டையையும் சொல்லிவிடுகிறோம். இதற்குச் செயலியே வேண்டாம், ஒரு வலைப்பக்கம் போதும் என்றார் எங்களில் மூத்தவர். அவர் சொன்னதில் பாதி நியாயம். உங்கள் நோக்கம் தகவலைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது மட்டும் என்றால், ஒருமுறை திறந்தபின் இணையம் இல்லாமலும் ஓடும் வலைப்பக்கத்தை 2 ஜிபி மெஷினிலேயே செய்யலாம். அதைத்தான் முதலில் செய்து பாருங்கள் என்பது எங்கள் பரிந்துரை. ஆனால் வேலைக்கான நேர்காணலில் ஆண்ட்ராய்டு தெரியுமா என்று கேட்கும்போது வலைப்பக்கத்தைக் காட்ட முடியாது. நம் பிள்ளைகளுக்குக் கைவசம் இருக்கும் மெஷினுக்கேற்ற கனவு போதும் என்று நாமே முடிவு செய்வதில் எங்களுக்கு உடன்பாடில்லை.

எது செய்தாலும் ஒன்று: வழக்கில் பாதிக்கப்பட்டவரின் பெயர், புகைப்படம், புகார் நகல் எதையும் உங்கள் செயலியில் சேமிக்காதீர்கள். கசிந்தால் அடி விழுவது அவர்களுக்கு.

ஒட்டுப்போட்டு ஓட்டியதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டே இருப்பதும் ஆபத்து. ‘பாருங்கள், 4 ஜிபியிலேயே சாதிக்கிறார்கள்’ என்று அதிகாரிகள் கைதட்டிவிட்டுப் போய்விடுவார்கள். நாம் கேட்க வேண்டியது கைதட்டலை அல்ல. ஒவ்வொரு ஆதிதிராவிடர், பழங்குடியினர் நல விடுதியிலும் ஓர் அறை, அதில் 16 ஜிபி ரேம் உள்ள பத்துக் கணினிகள், வரம்பில்லாத இணையம், இரவு பத்து மணிவரை திறந்திருக்கும் கதவு. துணைத் திட்ட நிதிக்காகத் தமிழ்நாடு சட்டமன்றம் 2024-இல் தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது. அந்தப் பணத்தில் எங்கள் விடுதிக்கு எவ்வளவு வந்தது, என்ன வாங்கினீர்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்கலாம். மனு எழுதத் தெரியாவிட்டால் எங்களிடம் வாருங்கள், சேர்ந்து எழுதுவோம்.

1893-இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். 1907-இல் அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ கொண்டுவந்தார், பெயரிலேயே விலை. 1920-இல் அம்பேத்கர் ‘மூக்நாயக்’. ஊர்ப் பத்திரிகைகளில் ஒரு மூலை கிடைக்குமா என்று அவர்கள் காத்திருக்கவில்லை. அச்செழுத்தும் காகிதமும் அவர்களுக்கு எவ்வளவு பாடாக இருந்திருக்கும் என்பது, ரேமுக்குக் காசு சேர்க்கும்போது எங்களுக்குக் கொஞ்சம் புரிந்தது.

தங்கையின் செயலி முடிந்துவிட்டது. பிளே ஸ்டோரில் கணக்குத் திறக்க ஒருமுறை 25 டாலர், அதை எங்களில் ஐந்து பேர் பகிர்ந்து கட்டினோம். வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்குத் திறந்துவிட்ட வங்கி அட்டை தேடியதில்தான் ஒரு வாரம் போனது. புதிதாகத் தனிநபர் கணக்குத் திறப்பவர்களுக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. வெளியிட அனுமதி கேட்பதற்கு முன், 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதனையாளர்களாக இருக்க வேண்டும். தனியாக உட்கார்ந்து செய்கிறவர்களுக்கு இது தலைவலி, நமக்கு ஒரு தெரு போதும். இதுவரை ஏழு பேர் சேர்ந்திருக்கிறார்கள். ஆண்ட்ராய்டு போனும் ஜிமெயில் கணக்கும் இருக்கும் ஐந்து பேர் வேண்டும். வருகிற சனிக்கிழமை மாலை வாருங்கள், டேட்டா கேபிளோடு.