வெட்டாமல் அச்சிடுவோம்

சென்ற திங்கள் நம் மன்றத்தின் படிப்பு வட்டத்தில் ஒரு பூசல் எழுந்தது. அன்று வராத அன்பர்களுக்காக அதைச் சொல்லிவிட்டு என் கருத்தையும் கூற விரும்புகிறேன். இடம் தந்த ஆசிரியர் குழுவுக்கு நன்றி. அக்குழுவில் இருவர் எனக்கு எதிர்க்கட்சி. ஆகவே அவர்களுக்கு இரட்டை நன்றி.

சார்லட் பெர்க்கின்ஸ் கில்மன் என்ற அமெரிக்கப் பெண் எழுத்தாளர் 1915-இல் எழுதிய 'ஹெர்லேண்ட்' என்னும் நாவலைத் தமிழாக்கி இவ்விதழில் தொடராக வெளியிட முடிவு செய்திருக்கிறோம். பெண்கள் மட்டுமே வாழும் நாடு ஒன்றின் கதை அது. இரண்டாயிரம் ஆண்டுகளாக அங்கே ஆண் இல்லை. தாய்மை தானாகவே வாய்க்கிறது. மூன்று ஆடவர் விமானத்தில் சென்று அந்நாட்டில் இறங்குகிறார்கள். ஆண்கள் எங்கோ ஒளிந்திருக்க வேண்டும், இத்தனை நல்ல சாலைகளைப் பெண்கள் எப்படிப் போட்டிருக்க முடியும் என்று தேடுகிறார்கள். இந்த இடத்தைப் படித்தபோது நம் வட்டமே சிரித்தது. பன்னிரண்டு அதிகாரங்களை ஆறு பேர் ஆளுக்கு இரண்டாகப் பங்கிட்டுக்கொண்டோம்.

பூசல் பிறகு வந்தது. அந்நாட்டின் வரலாற்றைச் சொல்லும் பகுதியை முதலாண்டு மாணவி ஒருத்தி உரக்கப் படித்து வந்தாள். நடுவில் நிறுத்தி, "அக்கா, இதை எப்படி எழுதுவது?" என்றாள். கதை சொல்லும் ஆடவன் அப்பெண்கள் ஆரிய வழியினர் என்பதில் தனக்கு ஐயமில்லை என்கிறான். அவர்கள் வெள்ளையர்தாம், வெயில் பட்டுச் சற்றே கறுத்திருக்கிறார்கள் என்றும் விளக்கம் தருகிறான். அறையில் ஒரு கணம் அமைதி. பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினோம்.

அந்த வரிகளை விட்டுவிடலாம் என்றார் ஒருவர். 'ஆரிய' என்பதற்கு 'வெள்ளை' என்று போட்டால் போதும் என்றார் இன்னொருவர். தமிழ் மாணவர் இதழில் அச்சொல் வந்தால் கதையை மறந்து அந்தச் சொல்லைப் பற்றியே வாதாடுவார்கள் என்பது அவர் அச்சம். அச்சத்துக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. ஆயினும் நான் எதிர்க்கிறேன். ஏன் என்பதற்குக் கில்மனின் நூல்கள் நம் கைக்கு வந்து சேர்ந்த கதையைச் சொல்ல வேண்டும்.

கில்மன் 1860-இல் கனெக்டிகட் மாநிலத்தில் பிறந்தார். தந்தை குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். 1884-இல் ஓவியர் ஒருவரை மணந்தார். அடுத்த ஆண்டு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பிறகு மனம் தளர்ந்து படுத்தார். 1887-இல் பிலடெல்பியாவில் வெய்ர் மிச்சல் என்ற பெயர் பெற்ற மருத்துவரிடம் போனார். படுக்கை, உணவு, ஓய்வு: இதுதான் அங்கே மருத்துவம். வீட்டுக்கு அனுப்பும்போது, நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் மூளைக்கு வேலை தரக்கூடாது, உயிருள்ள வரை பேனாவையோ தூரிகையையோ தொடக்கூடாது என்று சொல்லி அனுப்பினாராம் அம்மருத்துவர். கில்மனே 1913-இல் இதை எழுதியிருக்கிறார். அந்த அறிவுரைப்படி நடந்து, மூளையே கலங்கும் எல்லை வரை போய், பிறகு அதைத் தூக்கி எறிந்துவிட்டு எழுதத் தொடங்கினார். 1890-இல் கலிபோர்னியாவில் எழுதி 1892-இல் வெளிவந்ததுதான் 'மஞ்சள் சுவர்த்தாள்' என்ற சிறுகதை. மருத்துவனான கணவன், ஓய்வுக்கென்று மனைவியைச் சன்னல்களில் கம்பியிட்ட மாடி அறையில் வைக்கிறான். சுவரில் ஒட்டிய தாளின் கோலத்துக்குப் பின்னால் ஒரு பெண் ஊர்ந்து திரிவதை அவள் பார்க்கத் தொடங்குகிறாள். மேலே சொல்லமாட்டேன், பதினைந்து இருபது பக்கந்தான், இன்றிரவே படித்துவிடலாம்.

1898-இல் 'பெண்களும் பொருளாதாரமும்' என்ற நூல் அவருக்குப் பெரும்புகழ் தந்தது. உணவுக்கும் உறைவிடத்துக்கும் ஆணை நம்பியிருக்கும் வரை பெண்ணுக்கு விடுதலை இல்லை என்பது அதன் சாரம். ஆனால் புகழ் வந்த பிறகும் அவர் எழுதியதையெல்லாம் பத்திரிகைகள் ஏற்கவில்லை. 1909 நவம்பரில் 'முன்னோடி' என்று பொருள்படும் பெயரில் தாமே ஒரு மாத இதழ் தொடங்கினார். கதை, கட்டுரை, கவிதை, நூல் மதிப்புரை எல்லாம் அவர் ஒருவரே எழுதினார். 1916 டிசம்பர் வரை 86 இதழ்கள்! நாம் பன்னிரண்டு பேர் கூடி ஆண்டுக்கு இரண்டு இதழ் கொண்டுவரப் படும் பாட்டை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவ்விதழின் சந்தாதாரர்கள் ஏறத்தாழ 1500 பேர். அச்சுச் செலவுக்கே அது கட்டவில்லை. 'ஹெர்லேண்ட்' அதில்தான் மாதந்தோறும் தொடராக வந்தது. அவர் உயிருடன் இருந்தவரை அது தனி நூலாக வரவேயில்லை.

1935-இல் புற்றுநோயின் கடைசிக் கட்டத்தில் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். பிறகு அவரை உலகம் பெரும்பாலும் மறந்தது. 'மஞ்சள் சுவர்த்தாள்' சில தொகுப்புகளில், பெரும்பாலும் திகில் கதையாக, தலை காட்டியது. 1966-இல் 'பெண்களும் பொருளாதாரமும்' மறுபதிப்பாயிற்று. 1973-இல் நியூயார்க்கில் ஃபெமினிஸ்ட் பிரஸ் என்ற சிறு பதிப்பகம் 'மஞ்சள் சுவர்த்தாளை'த் தனி நூலாக வெளியிட்டது. எலைன் ஹெட்ஜஸ் என்ற பேராசிரியர் அதற்குப் பின்னுரை எழுதினார். பேயும் பித்தும் என்று படித்து வந்த கதையை, ஒரு திருமணத்தின் கதையாக, ஒரு மருத்துவத்தின் கதையாகப் படிக்க அந்தப் பின்னுரை கற்றுத்தந்தது. 1979-இல் ஆன் லேன் என்ற வரலாற்றாசிரியர் முன்னுரையுடன் 'ஹெர்லேண்ட்' முதன்முறையாக நூல் வடிவம் பெற்றது. எழுதி அறுபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு! இன்று அமெரிக்க இலக்கியம் பயில்வோருள் 'மஞ்சள் சுவர்த்தாள்' படிக்காதவர் குறைவு.

இந்த மறுபதிப்பாளர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் அன்று அவர்களுக்கு ஒரு முன்னோடித் தாய் தேவைப்பட்டாள். தேவைப்பட்டதைக் கண்டார்கள், மற்றது கண்ணில் பட்டும் நெஞ்சில் தைக்கவில்லை. மற்றது என்ன? 1908-இல் அமெரிக்கச் சமூகவியல் ஆய்விதழில் கில்மன் தம் பெயரிலேயே எழுதிய ஒரு கட்டுரை இருக்கிறது. கறுப்பின மக்களுள் ஒரு தரத்துக்குக் கீழ்ப்பட்டவர்கள் என்று கருதப்படுவோரை அரசு கட்டாயப் பணிப்படையில் சேர்க்க வேண்டும் என்று அதில் திட்டம் வகுக்கிறார். அடிமை முறையை எதிர்த்து 1852-இல் 'டாம் மாமாவின் குடிசை' எழுதிய ஹாரியட் பீச்சர் ஸ்டோவ் இவருடைய தந்தையின் சிற்றன்னை! அந்தக் குடும்பத்தில் பிறந்தவர் எழுதியது இது. 'ஹெர்லேண்ட்' நாவலின் தொடர்ச்சியாக 1916-இல் எழுதிய நூலில், அமெரிக்காவுக்குக் குடியேறி வந்த ஏழை மக்களைப் பற்றி இன்று வாய்விட்டுப் படிக்கக் கூசும் பேச்சுகள் உள்ளன. 1997 வரை அந்நூல் தனிப் பதிப்பாக வரவில்லை.

எதிர்க்கட்சி நண்பர் ஒருவர் நல்ல கேள்வி ஒன்று கேட்டார். ஆரிய வழியினர் என்று சொல்பவன் கதையில் வரும் ஆடவன். ஆடவரின் பேதைமையைக் காட்டவே ஆசிரியர் அவனைப் பேசவிட்டிருக்கலாமே என்றார். நானும் அப்படித்தான் முதலில் நம்ப விரும்பினேன். ஆனால் வந்த மூவருள் வான் என்னும் அவன்தான் சமூகவியல் கற்றவன், ஆசிரியர் நம்பும் குரல். மற்ற இருவரும் தவறும் இடத்தில் கற்றுக்கொள்பவன் அவனே. இந்த ஒரு செய்தியில் மட்டும் கதை எங்கும் அவனைத் திருத்தவில்லை. மேலும் அந்நாட்டுப் பெண்களே பெருமையுடன் சொல்லும் ஒரு வழக்கம் இருக்கிறது. தகுதியற்ற இயல்பு உடையவள் என்று கருதப்படும் பெண்ணிடம், நாட்டின் நலம் கருதித் தாய்மையைத் துறக்குமாறு வேண்டிக்கொள்வார்களாம். கதையில் அது கனிவான வேண்டுகோள். கதைக்கு வெளியே, இந்தியானா மாநிலம் 1907-இலேயே தகுதியற்றவர் என்று முத்திரையிட்டவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யச் சட்டம் இயற்றியிருந்தது. 1927-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வர்ஜீனியா மாநிலத்தின் அத்தகைய சட்டம் ஒன்றைச் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

'ஆரிய' என்ற சொல்லைப் பற்றியும் இரண்டு வார்த்தை. அது நம் காதில் விழும் ஓசை வேறு. கில்மன் நம் ஊர் வழக்கை நினைத்து எழுதவில்லை. மொழிக் குடும்பத்துக்கு இட்ட பெயரை ஐரோப்பாவும் அமெரிக்காவும் 19-ஆம் நூற்றாண்டில் இரத்தத்துக்கும் தோலுக்கும் இட்டு வழங்கின. மொழிப் பெயரை இனத்தின் மேல் ஏற்றுவது மடமை என்று மாக்ஸ் முல்லரே 1888-இல் கண்டித்தார், கேட்டவர் சிலரே. 1915-இல் படித்த ஓர் அமெரிக்கப் பெண்ணுக்கு அது சிறப்பைக் குறிக்கும் அறிவியல் சொல்லாகவே பட்டிருக்கிறது. 'வெள்ளை' என்று மாற்றினால் இந்தச் செய்தி முழுவதும் மறைந்துபோகும். ஒரு அடிக்குறிப்பு போட்டால் தீரும் சிக்கலுக்கு ஏன் சொல்லையே மாற்ற வேண்டும்?

1979-இல் நூலைப் பதிப்பித்தவர்கள் அந்த வரியை அடிக்கவில்லை என்பதையும் நாம் நினைக்க வேண்டும். அவர்கள் அதைப் பெரிதாக எண்ணாமல் இருந்திருக்கலாம். ஆயினும் அச்சில் விட்டுவைத்தார்கள். அதனால்தான் பின்னால் வந்தவர்கள் கேள்வி கேட்க முடிந்தது. 1989-இல் சூசன் லான்சர் என்ற ஆய்வாளர், அந்தச் சுவர்த்தாள் ஏன் மஞ்சளாக இருக்கிறது என்று கேட்டார். சீனர் குடியேற்றத்தை 1882-இல் சட்டம் போட்டுத் தடுத்த நாட்டில், 'மஞ்சள்' என்ற சொல்லே வெறுப்பாகப் புழங்கிய காலத்தில் எழுதிய கதை அல்லவா என்றார். அவர் கருத்தை நான் முழுதும் ஏற்கவில்லை. அந்தக் கேள்விக்குப் பிறகு கதையைப் பழையபடி படிக்கவும் முடியவில்லை.

நான் வைத்திருக்கும் 'ஹெர்லேண்ட்' படி, ஞாயிறுதோறும் தரியாகஞ்ச் நடைபாதையில் கூடி, 2019-இல் மகிளா ஹாட்டுக்கு மாறிய பழைய புத்தகச் சந்தையில் வாங்கியது. அதில் முன்னுரை இல்லை. எழுதிய ஆண்டு இல்லை. ஆசிரியர் எந்த நூற்றாண்டினர் என்ற குறிப்பும் இல்லை. மேலட்டையில் இக்கால உடையில் ஒரு பெண் படம். நம் நாட்டுச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டுகள் கழிந்தால் பதிப்புரிமை தீர்ந்துவிடும். கில்மனுக்கு அது எப்போதோ தீர்ந்துவிட்டது. யாரும் அச்சிடலாம், அச்சிடுகிறார்கள். எனக்குக் குறைந்த விலையில் நூல் கிடைத்ததும் அதனால்தான்; குறை சொல்ல நா எழவில்லை. ஆனால் இப்படிப்பட்ட படியைக் கையில் எடுக்கும் புதிய வாசகி, நேற்று எழுதிய நூல் என்று நினைத்து அந்தத் தாய்மைத் துறவுப் பகுதியைக் கடந்து போவாளானால்? நாம் வெட்டி வெளியிடும் தமிழும் அவளுக்கு அதைவிடப் பெரிய உதவி எதுவும் செய்யாது.

எங்கள் வட்டத்தில் பார்வை இழந்த நண்பர் ஒருவர் இருக்கிறார். அன்று முழுவதும் கேட்டுக்கொண்டே இருந்தார். தாய்மையைத் துறக்கச் சொல்லும் பகுதியையும் விட்டுவிடலாம், சிலர் மனம் புண்படும் என்று ஒருவர் தொடங்கியபோதுதான் வாய் திறந்தார். "எனக்காக வெட்டுகிறீர்கள் என்றால் வேண்டாம். அந்த நாட்டில் என் அம்மாவிடம் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நான் படித்துத் தெரிந்துகொள்கிறேன். மற்றப் பதினொரு அதிகாரமும் எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது" என்றார். கூட்டம் அத்துடன் கலைந்தது.

வரும் சனிக்கிழமை மாலை மீண்டும் கூடுகிறோம். தலைப்பின் கீழேயே 1915 என்று ஆண்டு போட வேண்டும். 1908-ஆம் ஆண்டுக் கட்டுரையையும் சொல்லும் ஒரு பக்க முன்னுரை வேண்டும். அதை எழுத நான் ஆயத்தம். அந்தப் பகுதியின் கைப்படி இப்போது என்னிடம் இருக்கிறது. 'ஆரிய' என்பதன் மேல் யாரோ பென்சிலால் கோடிட்டு 'வெள்ளை' என்று எழுதியிருக்கிறார்கள். கையெழுத்து யாருடையது என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமை வரை அழிக்காமல் வைத்திருக்கிறேன்.