தொழில் இரகசியமா? பித்தலாட்டமா?

திருச்செந்தூர் கோவில் உண்டியலைத் திறந்து எண்ணினால், வசூல் இவ்வளவு என்று பத்திரிகையில் வந்துவிடுகிறது. அந்தப் பணத்தைப் பற்றி நமக்குள்ள சண்டை வேறு. ஆனால் ஊரார் பங்குப் பணத்தில் நடக்கும் கம்பெனியிடம், “எந்தத் தொழிலில் லாபம், எதில் நட்டம்?” என்று கேட்டால், “போட்டிக்காரன் தெரிந்துகொள்வான், அது தொழில் இரகசியம்” என்கிறார்கள். வேதத்தைக் கேட்ட சூத்திரன் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றச் சொன்ன தர்ம சாஸ்திரத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம்.

புதுச் சரக்கின் செய்முறையையோ, நாளை கேட்கப்போகும் டெண்டர் விலையையோ வெளியிடு என்று நாம் சொல்லவில்லை. போன வருஷத்துக் கணக்கைத்தான் கேட்கிறோம். கொழுத்த லாபம் தரும் பிரிவை மெலிந்த பிரிவுகளோடு கலந்து காட்டினால், அந்தத் தொழிலில் புதிதாய் இறங்க எவனுக்கும் தோன்றாது. ஆகவே இது போட்டிக்குப் பயந்து மறைப்பதல்ல. போட்டியே வராமலிருக்க மறைப்பதாகும். அதிக விலை கொடுத்து அழுகிறவன் வாங்குகிறவனே.

நட்டத்தை மறைப்பதும் ஓர் ஆயுதம். நம் பக்கத்துத் தூத்துக்குடியில் 1906-இல் வ. உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஆரம்பித்தார். பங்கு ஒன்று 25 ரூபாய். எதிரியான பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாக்கியது. பிறகு இனாமாகவே ஏற்றிக்கொள்ளவும் முன்வந்தது. இது தர்மமா? பல கடல்களில் கப்பல் விட்டவனுக்குக் கொழும்பு வழியின் நட்டத்தை மற்ற வழிகளின் லாபத்தில் கரைத்துவிட முடியும். ஒரே வழியை நம்பிய சுதேசிக் கம்பெனிக்கு அது முடியுமா? சர்க்காரின் அடக்குமுறையும் சேர்ந்துகொண்டது. 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது.

நிற்க, இல்லாத லாபத்தைக் காட்டுவது இன்னொரு வேஷம். போட்டிக் கம்பெனிகளுக்குக் குறைந்தவனாகத் தெரிந்தால் பங்கு விலை விழும், கம்பெனி கைமாறிவிடும் என்ற பயம் அதற்குப் போதும். சத்தியம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு 2009 ஜனவரி 7-இல் தாமே ஒப்புக்கொண்டபடி, 2008 செப்டம்பரில் முடிந்த மூன்று மாதத்தின் உண்மை லாபம் 61 கோடி. காட்டியதோ 649 கோடி! கணக்கிலிருந்த ரொக்கத்தில் 5,040 கோடி இல்லவே இல்லை. பெயர் மட்டும் சத்தியம்!

சட்டம் இல்லையா என்பீர்கள். இருக்கிறது. பெரிய கம்பெனிகளுக்கான இந்தியக் கணக்கியல் தரம் 108, வருமானத்திலோ லாபநட்டத்திலோ சொத்திலோ பத்தில் ஒரு பங்குள்ள பிரிவைத் தனியே காட்டச் சொல்கிறது. ஆனால் எது பிரிவு என்பதோ, நிர்வாகம் தன் தொழிலை உள்ளுக்குள் எப்படிப் பிரித்துப் பார்க்கிறது என்பதைப் பொறுத்தது. பூனையையே பாலுக்குக் காவல் வைத்த கதைதான்.

தோழர்களே! 25 ரூபாய்ப் பங்குக்காரனானாலும் நீங்கள் முதலாளிகளே. ஆண்டறிக்கை வந்தால் தலைவரின் படத்தைப் பார்த்து மூடிவிடாமல் பிரிவுக் கணக்கைப் புரட்டுங்கள். பொதுக்கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். கேள்வி கேட்கக் கூடாத இடத்தில் கடவுளும் பிழைப்பார், கள்ளக் கணக்கும் பிழைக்கும்.