மரை போன எஞ்சினும் மதிப்புப் போன கைத்தொழிலும்

நிதானந் தவறியவனை 'மரை கழன்றவன்' என்று கூறுவது நம் நாட்டு வழக்கு. மரை தேய்ந்த திருகாணி எவ்வளவு முறுக்கினும் சுற்றுமேயன்றிப் பிடிகொள்ளாது. இவ்வழக்கைப் பேச்சில் எளிதாய்க் கையாளும் நம்மில், மெய்யாகவே மரை போன ஒரு பொருளைச் செப்பனிட அறிந்தவர் எத்துணைப் பேர்? கலாசாலையிற் பயில்வோர் இவ்வினாவை அற்பமென்று தள்ளலாகாது என்பதே எமது அபிப்பிராயம்.

சென்னையினின்று திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் பெருஞ்சாலை திண்டிவனத்தையும் விழுப்புரத்தையும் இணைக்கின்றது. ஏறக்குறைய 40 கிலோமீட்டர் இடைவெளியுள்ள இவ்விரண்டு ஊர்களினின்றும் புதுச்சேரிக்குச் சாலைகள் பிரிகின்றன. இத்தகைய வழிகளில் மோட்டார்ப் பட்டறைகள் பெருகுதல் இயல்பே. அவற்றுள் வரும் வேலைகளில் மிகுந்த பொறுமையைக் கோருவது, காற்றினாற் குளிரும் பழைய எஞ்சினில் புகைக்குழாயைத் தாங்கும் ஸ்டட்டின் மரையைத் திருத்துவதாகும்.

'வண்டு' எனப் பெயர்பெற்ற வோக்ஸ்வாகன் காரை எடுத்துக்கொள்வோம். ஜெர்மனியில் அதன் உற்பத்தி 1978இல் நின்றது. மெக்ஸிகோவின் புவெப்லா நகரில் இறுதி வண்டி 2003 ஜூலை 30இல் வெளிவந்தது. உலகில் உருவானவை இரண்டு கோடியே பதினைந்து லட்சத்துக்கு மேற்பட்டவை. நம் நாட்டில் அவை அரியனவேயாயினும், காற்றினாற் குளிரும் எஞ்சின் நமக்குப் புதியதன்று. 1955இல் சென்னையில் தோன்றிய என்பீல்டு இந்தியாவின் புல்லட் வண்டியை அறியாதார் யாவர்?

வண்டின் எஞ்சினுக்கு இரண்டு சிலிண்டர்த் தலைகள் உண்டு. தலையொன்றுக்கு நான்காக எட்டு ஸ்டட்டுகள் புகைக்குழாய்களைப் பிடித்து நிற்கின்றன. தலை அலுமினியக் கலவை, ஸ்டட் எஃகு. வெப்பத்தில் அலுமினியம் எஃகைக் காட்டிலும் ஏறக்குறைய இரு மடங்கு விரியும். ஓடும்போது விரிந்தும் நிற்கும்போது சுருங்கியும் பல ஆண்டுகள் கழிய, மழைநீரும் சேர்ந்து இரு உலோகங்களுக்கிடையே அரிப்பை உண்டாக்க, நட்டும் ஸ்டட்டும் துருவேறி ஒன்றாகிவிடுகின்றன. அப்போது ஒருவன் ஆத்திரத்துடன் ஸ்பானரை அழுத்துவானாயின், எஃகு தோற்பதில்லை. மென்மையான அலுமினிய மரையே உரிந்து வெளிவரும். அன்றேல் ஸ்டட் முறிந்து பாதி உள்ளே தங்கும்.

பதறாத காரியம் சிதறாது என்பது இத்தொழிலின் முதல் விதி. முதலில் துருவை இளக்கும் எண்ணெயை இட்டு ஓரிரவு காத்திருத்தல் வேண்டும். பின்னர்த் தலையைச் சூடாக்கி, முன்னும் பின்னும் சிறிது சிறிதாய்த் திருப்புதல் வேண்டும். முறிந்துவிடின், ஸ்டட்டின் நடுவிற் புள்ளியிட்டுச் சிறிய டிரில்லால் நேராகத் துளைத்து, படிப்படியே பெரிதாக்குதல் வேண்டும். டிரில் நடுவைவிட்டு விலகுமாயின், மென்மையான அலுமினியத்தையே தின்னும்.

மரை முற்றும் போயிருப்பின் ஹெலிகாயில் என்னும் துருவேறா எஃகுக் கம்பிச் சுருள் உதவும். 8 மில்லிமீட்டர் ஸ்டட்டுக்கு 8.3 மில்லிமீட்டர் துளையிட்டு, அதற்கே உரிய டேப்பினால் புது மரை வெட்டி, சுருளை மேற்பரப்பிற்குச் சிறிது கீழே நிற்கும்படி செலுத்துவர். இங்ஙனம் செய்த மரை மென்மையான பழைய மரையினும் உறுதியாயிருப்பது கண்கூடு. வடு உறுப்பை வலுப்படுத்துவதும் உலகில் உண்டென்பதற்கு இஃதொரு சான்றன்றோ?

இவ்வளவு சிரமம் எதற்கு, புதிய தலையே வாங்கலாமே என்பர் சிலர். வால்வு இருக்கைகளுக்கிடையே வெடிப்புக் கண்ட தலையாயின் அவர் கூற்று ஏற்கத்தக்கதே. ஆயின் ஒரு துளையின் பொருட்டு முழுத் தலையையும் எறிவது, ஒரு பல் வலிக்குத் தாடையையே களைவது போலாம். வேறு சிலர் பெரிய போல்ட்டை முறுக்கிப் புகுத்துவர், அல்லது பசையை இட்டு அடைப்பர். முன்னது சுவரை மெலிவிக்கும். பின்னது வெப்பத்தில் நில்லாது.

குறைவேலையின் தீங்கு ஓசையோடு ஒழிவதன்று. குளிர்நாடுகளில் இக்காரின் உள்ளே வெப்பந் தருவது புகைக்குழாயைச் சூழ்ந்து வரும் காற்றே. இணைப்பிற் கசிவிருப்பின், நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்ஸைடு அக்காற்றோடு கலந்து பயணிகளிடஞ் சேரும். நம் பக்கத்தில் வெப்பம் வேண்டுவோர் இலராயினும், சரிவர மூடாத தடுக்கின் வழியே அது புகுதல் கூடும். எனவே ஒரு மரையைச் செம்மையாய் வெட்டுபவன் ஓருயிரையும் காப்பவனாகின்றான்.

அத்தகையோனுக்கு நாம் அளிக்கும் மதிப்பு யாது? கையில் எண்ணெய்க் கறை கண்டவுடன் அவனை ஒருமையில் விளிக்கின்றோம். நம் பிள்ளைகளுக்கு அத்தொழில் வேண்டாமென்கின்றோம். நம் ஆண்டவர் தச்சுப் பட்டறையில் வளர்ந்தவர் என்றும், பவுல் அடிகள் கூடாரந் தைத்து உண்டவர் என்றும் கோயிலிற் கேட்கின்றோம். வெளியே வந்ததும் மறக்கின்றோம். 1853இல் தொடங்கிய ஆர்க்காடு மிஷன் திண்டிவனத்திற் பள்ளி நடத்தியதோடு அமையாது, தன் எல்லைக்குள் கைத்தொழிற் கல்விக்கும் இடமளித்தது. ஏட்டுக் கல்வியும் கைவினையும் பகைவரல்ல என்பதற்கு அம்முயற்சி அறிகுறியாம்.

ஆதலின் மாணவ நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். விரிவின் விகிதத்தைப் பௌதிக வகுப்பிலும், அரிப்பின் காரணத்தை ரசாயன வகுப்பிலும் கற்கின்றீர்கள். விடுமுறையில் ஊர் செல்லுங்கால் சாலையோரப் பட்டறையொன்றில் ஒரு பகல் அமர்ந்து, அவ்விரண்டும் ஓர் ஸ்டட்டில் ஒன்றுகூடுவதைக் காண்மின். அங்குள்ள மூத்தவரை 'ஐயா' என்று விளித்து, அவர் கைக்குத் தெரிந்ததைக் கேட்டுத் தமிழில் எழுதி வைம்மின். பழைய எஞ்சின்கள் குறைந்துகொண்டே செல்கின்றன. அவற்றை அறிந்த கைகளும் அங்ஙனமே. உலோகத்தில் மரை போயின் மீண்டும் வெட்டலாம். அதனை வெட்டும் வித்தை போயின் எங்ஙனம் மீட்பது?