வீட்டுப் பூனைக்குச் சத்திரசிகிச்சை

பெட்டைப் பூனை 5 மாதத்திலேயே கருத்தரிக்கக் கூடியது. ஏறக்குறைய 9 வாரத்தில் குட்டி ஈனும். அவை பால் குடிக்கும்போதே அடுத்த கருவும் தங்கிவிடலாம். குட்டிகளைச் சாக்கிற் கட்டிச் சந்தையோரம் விட்டுவருவதிலும் பார்க்கக் கருத்தடைச் சத்திரசிகிச்சை எவ்வளவோ இரக்கமுள்ளது என்பது நம் கருத்து. ஆயினும் வைத்தியரின் கத்திக்குத் தப்பிய பூனை வீட்டாரின் பரிவுக்குத் தப்பாமற் போவதுண்டு.

வளர்ந்த பூனைக்கு முதல்நாளிரவின் பின் உணவு ஆகாது. “பாவம், பசிக்குமே” என்று ஆச்சி சிறிது பால் வார்த்தால், மயக்கத்தில் எடுக்கும் வாந்தி மூச்சுக்குழாயிற் புகக்கூடும். சிறு குட்டியையோ நெடுநேரம் பட்டினி போடலாகாது. அதற்கு வைத்தியர் சொல்லும் நேரமே கணக்கு.

வீடு திரும்பும் பூனை தள்ளாடும், உடல் குளிரும். நிலத்திற் பழஞ்சேலை விரித்துத் தனியே கிடத்துக. நன்றாகத் தெளிந்தபின் சிறிது உணவு போதும். 10 முதல் 14 நாள்வரை பாயவும் காயத்தை நக்கவும் விடலாகாது, குளிப்பாட்டலும் வேண்டாம்.

முனகுகிறதே என்று பனடோல் கொடுப்பாரும் உளர். அதுதான் நாம் பெரிதும் அஞ்சுவது. அம்மருந்தை முறிக்கும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. ஒரு வில்லையே உயிரைப் போக்கலாம். இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கமாட்டாது போக, முரசு பழுப்பாகவோ நீலமாகவோ மாறும், மூச்சு வாங்கும். தெரியாமற் கொடுத்துவிட்டால் இக்குறிகளுக்குக் காத்திராது, மருந்துறையையும் எடுத்துக்கொண்டு உடனே மிருக வைத்தியரிடம் செல்க.