வாடகைக்கு விட வீடு வாங்கப் போகிறீர்களா? முதலில் பென்சிலை எடுங்கள்!

மாலை நேரம். கடற்கரை - தாம்பரம் மின்சார ரெயில். ஜன்னல் ஓரம் இரண்டு பேர். இருவரும் ஆபீசு முடிந்து வீடு திரும்புகிறவர்கள்.

"அடுத்த வருஷம் ரிட்டையர் ஆயிடுவேன் சார். பி.எப். பணம் வரும். அதை வெச்சு ஒரு பிளாட் வாங்கி வாடகைக்கு விட்டுடலாம்னு பார்க்கிறேன்."

"நல்ல யோசனை சார். கையில இருக்கிறதைப் போடுங்க. மீதியைப் பையன் பேர்ல லோன் எடுங்க. வாடகையிலேயே லோன் அடைஞ்சுடும்!"

பக்கத்தில் நின்றவர்களும் "ஆமாம், ஆமாம்" என்று தலையாட்டினார்கள்.

அந்தக் கடைசி வரி இருக்கிறதே, "வாடகையிலேயே லோன் அடைஞ்சுடும்" என்பது, அதுதான் ஆபத்து. அதை நம்பி வீடு வாங்கியவர்கள் நம் ஊரில் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அவர்கள் தூக்கம் போனது மட்டும் அல்ல. அவர்கள் வீட்டில் குடியிருப்பவர்களின் தூக்கமும் போய்விட்டது. அது எப்படி என்று பார்ப்போம்.

கணக்கு உதைக்கிறது!

ஒரு பேச்சுக்கு, ஒருவர் வாங்கி மறுபடி விற்கிற ஒரு பிளாட், புறநகரில் 50 லட்ச ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 15 ஆயிரம் வாடகை.

விலை 50 லட்சம் என்றால் செலவும் 50 லட்சம் அல்ல. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம். பதிவுக் கட்டணம் 2 சதவீதம். இரண்டும் சேர்த்து 9 சதவீதம். ஆக 4½ லட்சம் அங்கேயே போய்விடும். மொத்தம் 54½ லட்சம்.

கையிலிருந்து 14½ லட்சம் போடுகிறீர்கள். மீதி 40 லட்சம் பாங்கிக் கடன். வட்டி 8½ சதவீதம், 20 வருஷம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 34 ஆயிரத்து 700 ரூபாய்.

வாடகை 15 ஆயிரம். தவணை 34 ஆயிரத்து 700. எங்கே சார் அடையும் லோன்?

இன்னும் முடியவில்லை. வருஷத்துக்கு 12 மாத வாடகை வரும் என்பதே ஒரு கனவு. ஒருவர் காலி செய்து இன்னொருவர் வருவதற்குள் ஒரு மாதம் வீடு பூட்டிக் கிடக்கும். அது 15 ஆயிரம். அரையாண்டுக்கு ஒரு தடவை வீட்டு வரி, மோட்டார் ரிப்பேர், வெள்ளையடிப்பு, புரோக்கர் கமிஷன் என்று இன்னொரு 25 ஆயிரம் வையுங்கள். வருஷ வாடகை 1 லட்சத்து 80 ஆயிரத்தில் கையில் நிற்பது 1 லட்சத்து 40 ஆயிரம்.

54½ லட்சம் போட்டு 1 லட்சத்து 40 ஆயிரம்! நூறு ரூபாய்க்கு வருஷம் இரண்டரை ரூபாய் சொச்சம். பாங்கி டெபாசிட்டுக்கு 6 சதவீதம் என்று வைத்தாலும் அதே பணம் 3 லட்சத்து 27 ஆயிரம் தரும். மோட்டார் ரிப்பேர் கிடையாது, புரோக்கர் கிடையாது.

தவணை கட்ட மாதம் 23 ஆயிரம் ரூபாய் பையன் சம்பளத்திலிருந்து போக வேண்டும். வாடகை வருஷம் 5 சதவீதம் ஏறிக்கொண்டே போனாலும், 15 ஆயிரம் வாடகை அந்தத் தவணையை எட்டிப் பிடிக்க 17 வருஷத்துக்கு மேல் ஆகும். கடனே 20 வருஷம்தான்!

"விலை ஏறுமே!"

"வாடகை கிடக்கட்டும் சார், வீட்டு விலை ஏறுமே?" என்பார்கள்.

ஏறலாம். ஆனால் ஏறுவது மண். சுவர் அல்ல. சுவருக்கு ஒவ்வொரு வருஷமும் வயசு ஆகிறது. பிளாட் வாங்கும்போது எத்தனை சதுர அடி வீடு என்று கேட்கிறோம். நிலத்தில் பிரிக்கப்படாத பங்கு எவ்வளவு என்று கேட்பது இல்லை. நாளைக்குக் கட்டிடத்தை இடித்துக் கட்டும்போது பேசப் போவது அந்தப் பங்குதான். பத்திரத்தில் அந்த எண்ணைப் பார்க்காமல் அட்வான்சு கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. விலை ஏறினால் விற்கிற அன்றைக்குத்தான் லாபம். அடுத்த மாதம் 5-ந் தேதி தவணையை அது கட்டாது.

"வரி மிச்சமாகுமே" என்றும் சொல்வார்கள். வாடகை வருமானத்தில் வீட்டு வரி போக மீதியில் 30 சதவீதம் கழிவு உண்டு. கடன் வட்டியையும் கழிக்கலாம். ஆனால் புதிய வரி முறையில் இருப்பவர், வாடகைக் கணக்கில் வந்த நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. வரியை மிச்சம் பிடிக்க வீடு வாங்குவது, குடையை மிச்சம் பிடிக்க மழையில் நனைவது மாதிரி!

கெட்ட வீட்டுக்காரர் உருவாகிறார்

இப்போது முக்கியமான சங்கதிக்கு வருகிறேன்.

மாதம் 23 ஆயிரம் துண்டு விழுகிறது. அதை எங்கே ஈடுகட்டுவது? குடித்தனக்காரர் தலையில்தான்!

மின்சாரக் கட்டணத்தைப் பாருங்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு இத்தனை யூனிட் இலவசம் என்று அரசு கொடுக்கிறது. பல வீடுகளில் குடித்தனக்காரருக்குத் தனி இணைப்பு கிடையாது. உள்மீட்டர் ஒன்றை மாட்டி, யூனிட்டுக்கு 8 ரூபாய், 10 ரூபாய் என்று வாங்குகிறார்கள். முதல் யூனிட்டிலிருந்தே காசு! இரண்டு மூன்று குடித்தனம் ஒரே மீட்டரில் ஓடினால் யூனிட் கூடி, மேல்படி கட்டணத்துக்குப் போய்விடும். அந்தச் சுமையும் குடியிருப்பவருக்கே.

அட்வான்சு கதை இன்னும் மோசம். நம் ஊர் வழக்கம் பத்து மாத வாடகை. 15 ஆயிரம் வாடகைக்கு ஒன்றரை லட்சம். அதை வாங்கியதும் வீட்டுக்காரர் தவணையில் கட்டிவிடுகிறார். குடித்தனக்காரர் காலி செய்யும்போது, "புது ஆள் வரட்டும் சார், அவங்ககிட்ட வாங்கித் தர்றேன்" என்கிறார். மகள் கல்யாணத்துக்கோ, பையன் காலேஜ் பீசுக்கோ அந்தப் பணத்தை நம்பி இருப்பவர் படி ஏறி ஏறி இறங்குகிறார். கடைசியில் "வெள்ளையடிக்க இவ்வளவு, ஆணி அடிச்சதுக்கு இவ்வளவு" என்று கழித்துக்கொண்டு மிச்சத்தை நீட்டுகிறார்கள்.

எனக்குத் தெரிந்து இப்படிச் செய்தவர்களில் பலர் கெட்டவர்கள் அல்ல. கோவிலுக்குப் போகிறவர்கள், ஆபீசில் நேர்மையாக வேலை பார்த்தவர்கள். கணக்குப் போடாமல் கடனில் கையெழுத்துப் போட்ட அன்றைக்கே அவர்கள் கெட்ட வீட்டுக்காரர் ஆகிவிட்டார்கள். அவர்களுக்கே அது தெரியாது.

அதனால்தான் சொல்கிறேன், வாடகைக்கு வீடு விடுவது ஒரு வியாபாரம். மளிகைக் கடைக்காரர் கொள்முதல் விலை பார்க்காமல் சரக்கு எடுப்பாரா? இந்தக் கடையில் சரக்கு, இன்னொரு குடும்பத்தின் கூரை. இதில் அதிகம் பார்க்க வேண்டாமா?

அப்படியானால் வேண்டாமா?

வேண்டாம் என்று சொல்லவில்லை. எப்படி ஆரம்பிப்பது என்றுதான் சொல்கிறேன்.

சொந்த வீடு உள்ளவர்களுக்கு முதல் வழி மாடி. நிலம் ஏற்கனவே உங்களுடையது. சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்று வைத்தால் 600 சதுர அடி போர்ஷனுக்கு 15 லட்சம். மாதம் 12 ஆயிரம் வாடகை வந்தால் வருஷம் 1 லட்சத்து 44 ஆயிரம். பிளாட்டில் 54½ லட்சம் போட்டு வரும் வாடகையில் பெரும் பகுதி, இங்கே 15 லட்சத்திலேயே வருகிறது! அஸ்திவாரம் தாங்குமா என்று என்ஜினீயரைக் கேட்டு, அனுமதி வாங்கிக் கட்டுங்கள். 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் தரைத்தளம், முதல் மாடி வீட்டுக்குச் சுயசான்று முறையில் உடனடி அனுமதி 2024 ஜூலை முதல் தமிழ்நாட்டில் இருக்கிறது. மாடிக்குத் தனி மின் இணைப்பும் வாங்கிவிடுங்கள். பாதிச் சண்டை குறைந்துவிடும்.

சொந்த வீடு இல்லாமல் பிளாட்தான் வாங்க வேண்டும் என்றால், துண்டு விழும் தொகையை எழுதிப் பாருங்கள். ஆறு மாதம் வீடு காலியாகக் கிடந்தாலும் தவணை கட்ட முடியுமா? "முடியும்" என்று மனசு சொன்னால் மட்டும் வாங்குங்கள். ரிட்டையர் ஆகும் பணம் முழுவதையும் ஒரே சுவரில் கொட்டாதீர்கள். ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் ஒரு ஜன்னலை மட்டும் தனியாக விற்க முடியாது!

தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, கட்டிட அனுமதி, வீட்டு வரி ரசீது எல்லாவற்றையும் வக்கீலிடம் காட்டுங்கள். புரோக்கர் சொல்வது சான்று ஆகாது.

இடத்தை இரண்டு தடவை பாருங்கள். மே மாதம் ஒரு தடவை, தண்ணீர் வருகிறதா என்று. நவம்பர், டிசம்பரில் ஒரு தடவை, தண்ணீர் வீட்டுக்குள் வருகிறதா என்று! 2019 கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றதும், 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் வெள்ளம் புகுந்ததும் நமக்கு மறந்துவிடக் கூடாது. பக்கத்து வீட்டு அம்மாவைக் கேட்டால் முழு உண்மையும் வந்துவிடும். ரெயில் நிலையமோ பஸ் நிறுத்தமோ நடக்கிற தூரத்தில் இருந்தால் வீடு காலியாகக் கிடக்காது.

சட்டம் என்ன சொல்கிறது?

1960-ம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. 2017-ல் இயற்றப்பட்ட புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. வாய்ப்பேச்சு செல்லாது. எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து எண் வாங்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதாவிட்டால், மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்சு வாங்கக் கூடாது. காலி செய்தால் நியாயமான பாக்கியைக் கழித்து ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும். சண்டை என்றால் தண்ணீரை நிறுத்துவது, பீசைப் பிடுங்குவது எல்லாம் சட்டத்துக்கு விரோதம்.

"சட்டம் அவங்களுக்கு மட்டும்தானா?" என்று வீட்டுக்காரர்கள் கோபப்பட வேண்டாம். வாடகை பாக்கி வைப்பவரை வெளியேற்ற வாடகை நீதிமன்றமும் இதே சட்டத்தில் இருக்கிறது. அந்தக் கதவைத் தட்ட ஒப்பந்தம் கையில் இருக்க வேண்டும். பதிவுக்கு ஆகும் செலவை மிச்சம் பிடித்து, பிறகு வருஷக் கணக்கில் அலைகிறவர்கள் எத்தனை பேர்!

வாடகைக்கு வருபவர் யார், எங்கே வேலை என்று விசாரியுங்கள். தப்பில்லை. வாடகைக்கு எடுத்தவரே தன்னை வீட்டுக்காரர் என்று சொல்லி, அடுத்தவருக்கு லீசுக்கு விட்டு லட்சக்கணக்கில் சுருட்டிய வழக்குகள் சென்னையில் நடந்திருக்கின்றன. ஆனால் "நீங்க என்ன ஆளுங்க?", "கறி சமைப்பீங்களா?", "பேச்சுலரா, வேண்டாம்" என்று வாசலிலேயே திருப்பி அனுப்புவது விசாரணை அல்ல. நியாயமும் அல்ல. வியாபாரமாகப் பார்த்தாலும் நஷ்டம்தான். பூட்டிக் கிடக்கும் ஒவ்வொரு மாதமும் 15 ஆயிரம்!

முடிவாக ஒன்று. வாங்குகிற அட்வான்சு உங்கள் பணம் அல்ல. அதைத் தனிக் கணக்கில் பாங்கியில் போட்டு வையுங்கள். வட்டியை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அசலைத் தொடாதீர்கள். குடித்தனக்காரர் சாவியைக் கொடுக்கிற அன்றே செக்கை நீட்டிப் பாருங்கள். அவரே அடுத்த நல்ல ஆளைக் கூட்டி வருவார். புரோக்கர் கமிஷனும் மிச்சம்.

அன்று ரெயிலில் பேசிக்கொண்டிருந்த பெரியவர் குரோம்பேட்டையில் இறங்கிப் போய்விட்டார். அவரிடம் இதைச் சொல்ல நேரம் இல்லை. இந்தப் பத்திரிகை அவர் கையில் கிடைத்தால், பாங்கிக்குப் போவதற்கு முன்னால் ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் எடுத்து உட்காரட்டும். அரை மணி நேர வேலைதான். அதைச் செய்துவிட்டால் 20 வருஷம் அவரும் நிம்மதியாக இருப்பார், அவர் வீட்டுக்குக் குடிவரும் குடும்பமும் நிம்மதியாக இருக்கும்.